பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு பேர்

ஜூலை 6, ஞாயிறு

கடும் வெயில். காலை பத்து மணிக்கே ஷெட்டுத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஐந்து மாதமாக மூடியே கிடந்த வண்டி. கவருக்குள் எலி. சீட் பஞ்சைக் கொஞ்சம் இழுத்துப் போட்டிருக்கிறது. மற்றபடி சேதம் இல்லை.

இடது முன் சக்கரம் கழற்றியாயிற்று. டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறது, சூட்டில் வெந்த நிறம். பிரேக் பேடில் மிச்சம் நகக்கண் அளவு. வலது பக்கமும் அப்படியே. காய்கறி வாங்கப் போய்வரச் செய்த சின்ன கார் இது. இந்த பிரேக்கோடு நான்கு வருடம் ரேஸ் ஓட்டியதே அதிகம்.

வேண்டியவை:
- பெரிய டிஸ்க், நடுவில் காற்று போகிற வகை. அதற்கேற்ற காலிப்பர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம். இதே கம்பெனியின் பெரிய மாடலில் இருப்பது. சென்னையில் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும்.
- அந்தக் காலிப்பரை நம் வண்டியில் உட்காரவைக்க இரும்பு பிராக்கெட் இரண்டு. லேத்தில் சொல்லிச் செய்ய வேண்டும்.
- பதினான்கு இன்ச் ரிம். பழையதற்குள் பெரிய காலிப்பர் அடங்காது.
- ரேஸ் பேட், நல்ல பிரேக் ஆயில், புது ஹோஸ்.
- ரேவதிக்கு போன்.

கடைசி வரியை எழுதிவிட்டு அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

ஆகஸ்ட் பத்து ரேஸ். ஐந்து வாரம் இருக்கிறது.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா: "இன்னாமா ஜெயா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? மத்தியானம் மட்டும் தட்டாதமா, நான் செத்த கண்ணசருவேன்."

சரிங்கம்மா என்றேன். இன்று முழுக்க வாய் திறந்து நான் பேசியது அது ஒன்றுதான்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் ஷிப்ட். ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. தூக்கம் வரவில்லை.

வெல்டிங் முடிந்து வரும் பாகங்களைப் பார்த்து, பழுது இருந்தால் சிவப்பு டேக் கட்டி லைனைவிட்டு எடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக. இன்று நான்கு டேக். புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "லேசாத்தான்கா இருக்குது, விட்டுடலாமா?" என்று கேட்டாள். சந்தேகம் வந்தால் நிறுத்து, யோசிக்காதே என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரேவதி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இனி ரே. என்று எழுதினால் போதும். முழுப் பெயரை எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

பிள்ளையார்பாளையத்துப் பெண். வீட்டில் பட்டுத்தறி. இவள் கம்ப்யூட்டரில் புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறாள். நான்கு வருடத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் பார்த்தோம். அமெச்சூர் பிரிவில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். "நீயும் காஞ்சிபுரமா? ஒரே ஊர்ல இருந்துக்கினு எப்படி இத்தினி நாள் பாக்கல?" என்றாள். அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஷெட்டில்தான்.

இரவுக்கு ரவை உப்புமா. அதிகமாகச் செய்துவிட்டேன். கை இன்னும் இரண்டு பேருக்கே அளக்கிறது.

ஜூலை 12, சனி

டிஸ்க், காலிப்பர் இரண்டும் புதுப்பேட்டையில் கிடைத்தன. தேய்மானம் இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாமா, கிரைண்டர் கல்லா?" என்றாள்.

அட்டையில் அளவு வெட்டி எடுத்துக்கொண்டு மூர்த்தி அண்ணன் லேத்துக்கு. தறிக்குச் சாமான் செய்கிறவர். கால் மில்லி பிசகினால் புடவையில் தெரியும் என்பார். அதனால்தான் அவரிடம் போவது. பிராக்கெட்டைப் பென்சிலில் வரைந்தார், திருப்பினார், மறுபடி வரைந்தார்.

"இதுல நிக்கப்போறது இன்னாமா?"

"என் உயிர்தான்ணா."

"அப்ப பத்து மில்லி பட்டையில செய்றேன்."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேரா வருவீங்களே. ரேவதிய ஏன் கூட்டிக்கினு வரல?" என்று கேட்டார். அவர் வீடும் அவள் தெருவில்தான். வேலை என்றேன். அவராகவே சொன்னார். ரே.யின் வண்டியை அவள் அண்ணன் சங்கர் போன மாதமே விற்றுவிட்டாராம். இடித்த இடத்தைக்கூடச் சரி செய்யாமல், வந்த விலைக்கு.

"ஒரே சண்டைமா. இவங்கள நம்பிப் பழகாதன்னேனே கேட்டியான்னு அவரு. ஜெயா பொய் சொல்றவ இல்ல, பிரேக் போனதுக்கு அவ இன்னா பண்ணுவான்னு இந்தப் பொண்ணு கத்திக்கினு இருக்குது. தெருவுக்கே கேட்டுச்சு."

சொன்னபிறகுதான் 'இவங்க' என்ற சொல் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு லேத்தைப் போட்டுவிட்டார். எங்கள் ஆட்களை அப்படிச் சொல்வது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். மற்றதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜெயா பொய் சொல்றவ இல்ல.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். கடைசி பெஞ்ச். எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னோம். கூட்டமாகச் சொல்வதில் ஒரு வசதி, எது யாருடையது என்று தெரியாது.

இங்கே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி ரேஸ், பத்து லேப். ரே. நான்காவது, நான் ஐந்தாவது. ஏழாவது லேப்பிலேயே பெடல் கீழே போக ஆரம்பித்துவிட்டது. பிரேக் ஆயில் கொதித்தால் அப்படி ஆகும், பஞ்சை மிதிப்பது போல. இரண்டு தரம் அடித்து மிதித்தால் பிடித்தது. எட்டாவது லேப்பில் மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது. வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டுக்குத் திரும்பும் வழி பக்கத்திலேயே வந்தது. பார்த்தேன். திரும்பவில்லை.

நான்கு வருடத்தில் ஒரு தரம்கூட அவளை முந்தியதில்லை. அன்று அவள் டயர் தேய்ந்து வண்டி தடுமாறியது. இன்றைக்கு விட்டால் இல்லை என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்பதாவது லேப், நேர்ச்சாலை முடியும் இடம். பெடல் தரையைத் தொட்டது. என் வண்டி அவள் பின்பக்கத்தில் இடித்தது. அவள் இரண்டு சுற்று சுற்றி டயர்ச் சுவரில் போய் விழுந்தாள். இடது தோள் எலும்பு முறிவு.

விசாரித்த ரேஸ் கிளப் அதிகாரியிடம் சொன்னேன்: "திடீர்னு போயிடுச்சு சார். முன்னாடி ஒண்ணும் தெரியல."

ரே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீ அழாத, மிஷின் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்று என் தலையைத் தடவினாள். வலது கையால். அன்றைக்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. கோபம் அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் அவள் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவள் தெருவே கேட்கச் சத்தியம் செய்தது பொய்.

துணி ஊறவைத்தேன். துவைக்கவில்லை.

ஜூலை 19, சனி

நேற்று மாலை மழை. ஷெட்டு ஓரத்தில் ஒழுகியது. பக்கெட் வைத்தேன்.

பிராக்கெட் வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தால் வலது பக்கம் காலிப்பர் டிஸ்க்கில் லேசாக உரசுகிறது. மறுபடி பிள்ளையார்பாளையம். மூர்த்தி அண்ணன் ஒன்றும் பேசாமல் கடைசலில் வைத்து ஒரு இழை எடுத்தார். திரும்பி வந்து மாட்டினேன். உரசவில்லை. போல்ட் எல்லாம் டார்க் ரெஞ்சு வைத்துச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கி, தலையில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன். லூஸானால் கோடு விலகிக் காட்டும்.

புது ரிம் மாட்டி ஒரு சுற்று கையால் சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் போகிறது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் கோயில் மைக் செட்டில் ஆடிப் பாட்டு. யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. வீட்டுக்காரம்மாவைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லா பளபளன்னு இருக்குதுமா, எவர்சில்வர் தட்டாட்டம். இதுக்கா இத்தினி நாளு?"

ஆமாம்மா.

ஜூலை 20, ஞாயிறு

இன்று ஏர் எடுக்க வேண்டும். ஹோஸ் கழற்றி மாட்டினால் பைப்புக்குள் காற்று புகுந்துவிடும், அதை வெளியே எடுக்காமல் பிரேக் பிடிக்காது. ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகை, நிப்பிளை, திறந்து மூட வேண்டும். இரண்டு ஆள் வேலை. நான்கு வருடமும் மிதித்தது ரே.

தனியாகச் செய்து பார்த்தேன். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து, ஓடிவந்து நிப்பிளைத் திறந்து, மூடி, ஓடிப்போய்க் கட்டையை எடுத்து. பதினைந்து தரம். கட்டை நழுவியது. காற்று மறுபடி உள்ளே. பெடல் அதே பஞ்சு. இதே மிருதுதான் அன்றைக்கும்.

வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "முட்டி வலிமா எனக்கு. நாலு தரம் மிதிச்சா நாலு நாளு படுக்கைதான்."

போனில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேஸ். எலெக்ட்ரீஷியன். கம்பெனி பஸ் டிரைவர். போதகர். லைன் சூப்பர்வைசர். ஊரில் இருக்கும் சித்தி. ஞாயிற்றுக்கிழமை வந்து அரை மணி நேரம் ஒரு பெடலை மிதி என்று கேட்கக்கூடிய பெயர் ஒன்றே ஒன்று.

ஆயில் பட்டுக் கையெல்லாம் எரிகிறது.

ஜூலை 26, சனி

மாலை ஐந்து மணி. ஷெட்டில் இருந்தேன். வெளியே ஸ்கூட்டி சத்தம். ரே. வந்து நின்றாள்.

மெலிந்திருக்கிறாள். இடது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறதா?

"மூர்த்தி அண்ணன் சொன்னாரு, நீ பிரேக் மாத்தறன்னு. போன எடுக்க மாட்ட. மெசேஜுக்கு பதில் இல்ல. நான் இன்னா பண்ணேன் உனக்கு?"

ஒன்றுமில்லை என்றேன்.

வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். டிஸ்க்கை விரலால் தொட்டாள். "பெருசா இருக்குதே. ஏர் எடுத்துட்டியா?" இல்லை என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். "வா. எது முதல்ல? பின்னாடி இடதா?"

பின் இடது. பின் வலது. நான் சக்கரத்தடியில், அவள் குரல் மட்டும் மேலிருந்து.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிக்கினு இருக்கேன்."

"விடு."

நிப்பிளில் மாட்டியிருந்த டியூபில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பழைய ஞாயிற்றுக்கிழமை போலவே இருந்தது. நடுவே அவள் டிசைன் வேலை, அவள் அம்மாவின் சர்க்கரை, புதிதாக வாங்கிய மிக்ஸி என்று என்னென்னவோ பேசினாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் ஒண்ணு சொன்னா நான் ஒம்போது சொல்றேன். உன்ன விட்டுக்குடுக்கல, தெரியுமா?"

அப்போது முன் இடதில் இருந்தோம். அவள் பெடலை மிதித்துப் பிடித்திருந்தாள், நான் நிப்பிளைத் திறந்துவிட்டேன். முகம் தெரியாது. எனக்கு வேறு நேரம் வராது என்று தெரிந்தது.

"ரேவதி, ஏழாவது லேப்லயே எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பெடல் இறங்கறது. ரெண்டு லேப் பம்ப் அடிச்சே ஓட்டுனேன். பிட்டுக்கு வந்திருக்கணும். உன்ன முந்தணும்னு வரல. திடீர்னு போகல. நான் பொய் சொன்னேன்."

நிப்பிள் திறந்தே இருக்கிறது. அந்த நேரம் அவள் காலை எடுத்தால் காற்று மொத்தமும் திரும்ப உள்ளே போய்விடும், முதலிலிருந்து செய்ய வேண்டும். டியூபையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் அசையாமல் நின்றது. காலை எடுக்கவில்லை.

மேலிருந்து, "மூடிட்டியா?" என்றாள்.

மூடினேன்.

"அடுத்தது" என்றாள்.

முன் வலதையும் முடித்தோம். மிதி, பிடி, விடு மட்டும். கடைசியில் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினாள். "கல்லு மாதிரி இருக்குது" என்றாள். செருப்பை மாட்டினாள். அழவில்லை, திட்டவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"எங்க அண்ணன்கிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

விடிகாலை கீழம்பி பைபாஸ். சாலை காலி. புது பேடைப் பழக்க வேண்டும். வேகம் பிடித்து, அழுத்தி, நிற்கவிடாமல் மறுபடி வேகம். பத்து தரம். பிறகு பிரேக்கே தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவது.

வண்டி நிற்கிற விதம் வேறு. மிதித்த அளவுக்கு நிற்கிறது, ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சீட் பெல்ட் தோளை அறுக்கிறது. இதை ஆறு மாதம் முன்னால் செய்திருந்தால் என்று தோன்றியது. பிறகு, இல்லை, பிரேக் இல்லை காரணம் என்று தோன்றியது.

டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டேன், வாய்ப் பழக்கம். இரண்டையும் குடித்தேன்.

ஜூலை 30, புதன்

லீவு போட்டேன். கிளப் ஆபீஸ். பிப்ரவரியில் விசாரித்த அதே அதிகாரி. ஃபேன் சுற்றுகிறது, காகிதத்தின் மேல் பிஸ்டனை வெயிட்டாக வைத்திருக்கிறார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"அஞ்சு மாசம் கழிச்சு இப்ப ஏம்மா? யாராவது புகார் குடுக்கப்போறாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"எனக்காக ஒருத்தி அவங்க வீட்டுல சண்ட போட்டுக்கினு இருக்கா சார்."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். கையெழுத்து ஒழுங்காக வந்தது. படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த சீசன் முழுக்க நீ ஓட்ட முடியாது. வண்டிக்குத் தடை இல்ல. டிரைவருக்குத்தான்."

கோபம் வரவில்லை. சிவப்பு டேக் கட்டுகிற மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

தபாலில் கிளப்பின் தடைக் கடிதம் வந்தது. ஜன்னல் ஓரம் வைத்தேன்.

செய்ய வேலை இல்லாத சனிக்கிழமை. ஷெட்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்பேனர்களை அளவு வரிசையில் அடுக்கினேன். வண்டியைத் துடைத்தேன். இவ்வளவு நல்ல பிரேக் என் கையில் என்றைக்கும் இருந்ததில்லை.

ரே.யிடமிருந்து ஒன்றும் இல்லை. ஏழு நாள்.

மத்தியானம் வீட்டுக்காரம்மா தூக்குச்சட்டியோடு வந்தார். கோயில் கூழ். வாசலிலேயே நின்று, "நீங்க சாப்புடுவீங்களாமா? சாமிக்கு ஊத்துனது" என்று தயங்கினார். வாங்கி அங்கேயே குடித்தேன், முருங்கைக்கீரை தொட்டுக்கொண்டு. படியில் உட்கார்ந்துவிட்டார். தன் மகன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறு மட்டும் பேசுவான், அதுவும் மருமகள் பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிடம் என்றார். ஆறு வருடமாக அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அவர் மகன் பெயர் இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது போன். ரே. எடுத்தேன்.

"கிளப்புல போய் எழுதிக் குடுத்தியாமே. அந்த ஆபீசரு எனக்கு போன் பண்ணாரு. என் வாக்குமூலமும் வேணுமாம்."

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொல்றதுக்காகப் போகல."

பஸ் கிளம்பிவிட்டது. பிறகு: "பத்தாம் தேதிக்கு வண்டி என்ட்ரி இருக்குதா?"

"வண்டிக்கு இருக்குது. எனக்குத்தான் இல்ல."

"நான் ஓட்டறேன்."

வெளியே பார்த்தேன். பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"தோள்?"

"டாக்டர் போன மாசமே சரின்னுட்டாரு. எனக்கு வண்டி இல்ல, உனக்கு ரேஸ் லைசென்ஸ் இல்ல. இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

"உங்க அண்ணன்?"

"அத நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு, ஜெயா. வண்டி ஓட்டறேன்னுதான் சொன்னேன். உங்கிட்ட பேசறேன்னு சொல்லல."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

டிராக். பிராக்டிஸ். மேகமூட்டம், மழை இல்லை. சீட்டை இரண்டு கிளிக் முன்னால் தள்ளினேன், அவள் என்னைவிடக் குள்ளம்.

சங்கரும் வந்திருந்தார். தூரமாக நின்றார். அவள் ஹெல்மெட் எடுக்கப் போன நேரம் என் பக்கம் வந்தார்.

"நீயே போய்ச் சொன்னியாமே. யாரும் கேக்காமலா?"

"ஆமா."

"பிரேக் யாரு மாட்டுனது?"

"நான்தான். நீங்களே மிதிச்சுப் பாருங்க."

உண்மையாகவே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். மூன்று தரம். பிறகு குனிந்து சக்கரத்துக்குள் போல்ட்டின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

ரே. பேசியது: "ஆயில் பாத்தியா?" "டயர் பிரஷர் எவ்ளோ?" "போல்ட்?" அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரேஸ் பதினோரு மணிக்கு. எங்கே நிற்பது என்று தெரியாமல் நேர்ச்சாலை முடிகிற வளைவுக்குப் போய் வேலியோரம் நின்றேன். அதே வளைவு. டயர்ச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

வளைவுக்கு முன்னால் தூரம் சொல்லும் பலகைகள்: இருநூறு, நூற்றைம்பது, நூறு. மற்றவர்கள் நூறில் மிதிக்கிறார்கள். முதல் லேப்பில் ரே. இருநூறிலேயே மிதித்துவிட்டாள். பின் விளக்கு எரிவது தெரிந்தது. மூன்று பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது, மூன்றாவது லேப்பும் இருநூறு. எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த பெடல் என் கை வேலை. அதை எப்படி நம்புவாள்?

ஐந்தாவதில் நூற்றைம்பது. ஏழாவதிலும் நூற்றைம்பது. ஒரு வண்டியைத் திரும்பப் பிடித்தாள்.

ஒன்பதாவது லேப். முன்னால் ஒரு நீல வண்டி. இருநூறு போயிற்று. நூற்றைம்பது போயிற்று. நூறில் நீல வண்டியின் விளக்கு எரிந்தது. இவளுடையது எரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எரிந்தது. மூக்கு தாழ்ந்து, வண்டி அலையாமல் நேராக வேகம் குறைந்து, உள்பக்கமாகத் திரும்பி, நீலத்துக்கு முன்னால் போனது.

ஆறாவது இடம்.

பிட்டில் முன் சக்கரத்திலிருந்து சூடான பேட் வாசனை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை. சங்கர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். குடித்து முடித்து என் பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி துள்ளுது. அடுத்த ரேஸுக்கு ரெண்டு டயர்லயும் காத்து கொஞ்சம் கொற."

கொறைக்கிறேன் என்றேன். அண்ணனோடு போய்விட்டாள்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு செவிலிமேட்டில் என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். பின் டயர் இரண்டு பவுண்டு குறைக்க. முன் பேட் கழற்றிப் பார்க்க.